விசைப்படகில் கார்பரேட்டர் இல்லை, வள்ளத்தில் கேம் இல்லை

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் நெருக்கியடித்துக் கட்டிக் கிடக்கும் அந்த இரண்டு மாதமும் மெக்கானிக்குகளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. இன்ஜினைத் திறந்து, ஹெட்டைக் கழற்றி, வால்வுகளைத் தேய்த்து உட்காரவைக்கும் வேலை படகுக்குப் படகு நடக்கும். முழுக்கப் பிரித்துப்போட்ட இன்ஜினில் நீளமான எஃகுத் தண்டு ஒன்றைப் பார்க்கலாம். அதன்மேல் வரிசையாக முட்டை வடிவ மேடுகள். பட்டறையில் அதற்குக் கேம் ஷாஃப்ட் என்று பெயர். தொழில்நுட்பத் தமிழில் நெம்புருள் தண்டு. வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை அந்த மேடுகளின் வடிவம்தான் முடிவு செய்கிறது. ஆனால் அந்த இன்ஜினை முழுக்கத் துழாவினாலும் கார்பரேட்டர் என்று ஒன்று கிடைக்காது.

கொஞ்ச தூரத்தில் திரேஸ்புரம். நாட்டுப்படகுகளுக்குத் தடை கிடையாது என்பதால் அங்கே வள்ளங்கள் போய்வந்துகொண்டிருக்கும். ஃபைபர் வள்ளத்தின் பின்புறம் தொங்கும் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாரின் மூடியைத் தூக்கிப் பாருங்கள். கார்பரேட்டர் கண்ணெதிரே இருக்கும். கேமைத் தேடினால் இல்லை.

ஒரே ஊர், ஒரே கடல், இரண்டுமே இன்ஜின்தான். ஒன்றில் இருப்பது மற்றதில் ஏன் இல்லை?

விடை எளிது. டீசல் இன்ஜின் வெறும் காற்றை மட்டும் உறிஞ்சி, அதை இறுக்கிச் சூடாக்கி, அதற்குள் டீசலைப் பீய்ச்சுகிறது. காற்றையும் எரிபொருளையும் முன்கூட்டியே கலக்கும் வேலை அங்கே இல்லை. எனவே கார்பரேட்டரும் வேண்டாம். டூ ஸ்ட்ரோக் மோட்டாரிலோ சிலிண்டர் சுவரிலேயே சாளரங்கள் வெட்டியிருக்கும். மேலும் கீழும் போகும் பிஸ்டனே அவற்றை மூடித் திறக்கும். கேமுக்கு அங்கே வேலையில்லை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டுமென்றால் அது நாலு ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜினாக இருக்க வேண்டும். அமெரிக்க ஏரிகளிலும் கடற்கரைகளிலும் சீறும் வேகப்படகுகளில் பல காலம் இருந்தது இதுதான்: செவர்லே கார்களுக்காக வார்க்கப்பட்ட 5.7 லிட்டர், 7.4 லிட்டர் வி-8 இன்ஜின்கள்.

அங்கே ஒரு விந்தை. அதே இன்ஜினைப் பந்தயக் காருக்கு முடுக்குபவர், அதாவது ட்யூன் செய்பவர், ஒரு கேமைப் பொறுக்குவார். படகுக்கு முடுக்குபவர் அதைவிடச் சாதுவான ஒரு கேமைப் பொறுக்குவார். காரில் தங்கமாக ஓடிய கேமைப் படகில் போட்டால் சில வாரங்களில் எக்ஸாஸ்ட் வால்வுகள் துருப்பிடித்துப் போகலாம். காரணத்தைத் தேடிப் போனால், படகு இன்ஜினுக்கு முதலாளி ஓட்டுபவர் அல்ல, தண்ணீர்தான் என்பது தெரியவரும்.

முதலில் வேகம். இந்தக் கரையில் ஒருகாலத்தில் நேரத்தை வகுத்தது காற்று. கொற்கை துறைமுகமாக இருந்த நாளிலிருந்து, தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த 1961 வரை, இரவின் கரைக்காற்றில் முத்துச்சிப்பிப் பாருக்குப் போய்ப் பிற்பகலின் கடற்காற்றில் திரும்புவதே பாய்மரத்துக்கு இயல்பான வழி. இப்போது நேரத்தை வகுப்பவை சட்டமும் மீன் ஏலமும். காலை 5 மணிக்குப் புறப்படும் விசைப்படகு இரவு 9 மணிக்குள் திரும்பியாக வேண்டும். தங்குகடலுக்கு, அதாவது இரவும் கடலில் தங்கி மீன்பிடிக்க, இடமில்லை. ஆகவே, ‘இன்னும் கொஞ்சம் பெரிய இன்ஜின் இருந்தால்’ என்ற எண்ணம் யாருக்கும் வரத்தான் செய்யும்.

அந்த எண்ணத்துக்கு 1870-களிலேயே ஒரு பதில் கிடைத்துவிட்டது. இங்கிலாந்தின் டார்க்கியில் வில்லியம் ஃபுரூட் என்ற பொறியாளர் நீண்ட தொட்டி ஒன்று கட்டி, அதில் மெழுகால் செய்த மாதிரிக் கப்பல்களை இழுத்து, எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று அளந்தார். நீரை விலக்கிக்கொண்டு போகும் படகு தானே ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலை நீண்டு, ஒரு கட்டத்தில் படகின் நீளத்தையே எட்டிவிடுகிறது. அதற்குமேல் வேகம் வேண்டுமானால் படகு தன் சொந்த அலையின் முதுகில் ஏற வேண்டும். நீர்மட்டத்தில் 15 மீட்டர் நீளமுள்ள படகுக்கு இந்த எல்லை மணிக்குச் சுமார் 9 கடல்மைல். இன்ஜினை இரட்டிப்பாக்கினாலும் அது 18 ஆகாது. பத்தைத் தாண்டுவதற்கே திணறும். செலவாகிற டீசல்தான் உறுதியாகக் கூடும். சறுக்கி ஓடும் இலேசான படகுகள் இந்த அலையை ஏறிக் கடந்து நீர்ப்பரப்பின்மேல் வழுக்கிப் போகின்றன. அவற்றில்தான் இன்ஜின் முடுக்கலுக்கு அர்த்தம் இருக்கிறது.

அந்த ஃபுரூட்தான் 1877-இல் இன்னொன்றையும் செய்தார். பெரிய கப்பல் இன்ஜின்களின் திறனை அளக்க நீர்த்தடை அளவி ஒன்றை அமைத்தார். நீர் நிரம்பிய கூண்டுக்குள் ஒரு சக்கரத்தை இன்ஜின் சுழற்றும். நீர் கலங்கிக் கூண்டையும் சேர்த்துத் திருப்பப் பார்க்கும். கூண்டிலிருந்து நீளும் ஒரு கையை எவ்வளவு எடை வைத்தால் அசையாமல் நிறுத்தலாம் என்று பார்த்தால் முறுக்குவிசை தெரிந்துவிடும். ‘டைனோ’ என்று இன்றைய பட்டறைகள் செல்லமாக அழைக்கும் கருவியின் முன்னோர்களில் இதுவும் ஒன்று. எந்தக் கேம் நல்லது என்று வாய்ச்சண்டை போடாமல் அறிய உலகம் நம்புவது இதைத்தான்: மற்ற எதையும் தொடாமல் கேமை மட்டும் மாற்றி, ஒவ்வொரு சுழற்சி வேகத்திலும் அளந்து, வரைபடத்தில் போட்டுப் பார்ப்பது.

அப்படிப் போட்டுப் பார்த்தபோது தெரிந்தது இது. வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம், உயர்ந்த சுழற்சியில் கூடுதல் திறனைத் தருகிறது. தாழ்ந்த சுழற்சியில் இருந்ததையும் பறித்துக்கொள்கிறது. சாதுவான கேமில் நிலைமை தலைகீழ். எல்லா வேகத்திலும் வெல்லும் கேம் என்று ஒன்று இல்லை. நிமிடத்துக்கு 5,000 சுற்றில் இன்ஜின் ஓடும்போது காற்று வால்வு ஒரு முறை திறந்து மூட ஏறத்தாழ 8 மில்லி செகண்டுதான் கிடைக்கிறது. காற்றுக்கும் எடை உண்டு, அசைய நேரம் பிடிக்கும். அதனால்தான் நீண்ட திறப்பு அங்கே உதவுகிறது. 1,000 சுற்றில் அவசரமே இல்லை. அப்போதும் வால்வு தாமதமாக மூடினால், உள்ளே வந்த காற்றை ஏறிவரும் பிஸ்டன் வெளியே தள்ளிவிடும்.

கார்க்காரருக்கு இதில் ஒரு வசதி உண்டு. கியரை மாற்றி இன்ஜினை அதற்குப் பிடித்த சுழற்சியிலேயே வைத்துக்கொள்ளலாம். படகில் முன்னே, பின்னே, நடுவே என்பதைத் தவிர வேறு கியர் இல்லை. சுமையை முடிவு செய்வது புரொப்பல்லர் எனும் உந்துவிசிறி. அதன் கணக்கு கொடுமையானது: சுழற்சி இரட்டித்தால் அது கேட்கும் திறன் எட்டு மடங்கு. 5,000 சுற்று உச்சமென்றால் 4,000 சுற்றில் அது கேட்பது பாதித்திறன்; 2,500-இல் எட்டில் ஒரு பங்கு. ஆக இரண்டு வளைகோடுகள். ஒன்று இன்ஜின் தரக்கூடியது, மற்றது புரொப்பல்லர் கேட்பது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் அந்தப் படகின் உச்ச வேகம். அதற்கு அப்பால் இன்ஜின் எவ்வளவு திறன் வைத்திருந்தாலும் அது காகிதத்தில்தான்.

6,000 சுற்றில் உச்சம் தொடும் கேமை வாங்கி, 4,600-லேயே கட்டிப்போடும் புரொப்பல்லருடன் இணைப்பவர், விலை கொடுத்து வாங்கிய பகுதியை ஒருநாளும் தொடமாட்டார். அதோடு, அலையை ஏறிக் கடக்க வேண்டிய 2,500, 3,000 சுற்றில், படகின் மூக்கு வானத்தைப் பார்க்கும் அந்த நேரத்தில், சாதுவான கேம் தந்திருக்கக்கூடிய முறுக்குவிசையையும் இழந்திருப்பார். இதனால்தான் விவரமறிந்தவர்கள் இன்ஜினில் தொடங்கிப் புரொப்பல்லருக்குப் போவதில்லை. படகின் எடை, விரும்பும் வேகம், அதற்கான புரொப்பல்லர், அது சுழல வேண்டிய வேகம் என்று தண்ணீரிலிருந்து மேலே வந்து கடைசியில்தான் கேமைத் தொடுகிறார்கள். மடிவலையை இழுத்துக்கொண்டு மெதுவாக ஊரும் நம் விசைப்படகுக்கும் இதே நியாயம்தான். அங்கே பெரிய புரொப்பல்லர், சுழற்சியைக் குறைக்கும் கியர்பெட்டி, தாழ்ந்த சுழற்சியில் வலுவான டீசல் என்று சேர்வது தற்செயல் அல்ல.

இனி அந்தத் துருப்பிடித்த வால்வுக்கு வருவோம். புகை வெளியேறும் கட்டம் முடிவதற்கு முன்பே காற்று வால்வு திறக்கத் தொடங்கிவிடும். கொஞ்ச நேரம் எக்ஸாஸ்ட் வால்வும் அதுவும் ஒருசேரத் திறந்திருக்கும். இதை இணைதிறப்பு என்று வைத்துக்கொள்வோம். சினிமா கொட்டகையில் மேட்னி முடிந்து அடுத்த காட்சிக்கு ஆள் விடும் நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஹவுஸ்ஃபுல் காட்சி என்றால் வெளியேறும் கூட்டம் அடித்துக்கொண்டு போகும். அந்த வேகத்தில் உள்ளே இடம் காலியாகும். நுழைவாயிலைச் சற்று முன்பே திறந்தால் புதுக் கூட்டம் சரசரவென்று உள்ளே வந்துவிடும். அதே கொட்டகையில் பத்துப் பேர் பார்த்த காட்சி என்றால்? வெளியேறும் வாசல் பாட்டுக்குத் திறந்து கிடக்கும், தள்ளிக்கொண்டு வர ஆளிருக்காது. வெளியே நிற்பவன் அந்த வழியாகவே நைசாக உள்ளே நுழைந்து ஓசியில் படம் பார்த்துவிடுவான்.

இன்ஜின் மெல்ல ஓடும்போது நடப்பது இந்த இரண்டாவது காட்சி. கார்பரேட்டரின் த்ராட்டில் மூடியிருப்பதால் காற்றுக்குழாயில் அழுத்தம் குறைவு. புகைக்குழாயில் வெளிக்காற்றின் அழுத்தம். இடையில் இரு வால்வும் திறந்திருந்தால் புகை பின்னோக்கி வரும். காரில் இதனால் பெரிய சேதமில்லை. இன்ஜின் ‘டபடப’ என்று தடுமாறும், இளவட்டங்கள் அந்தச் சத்தத்தையே விரும்பிக் கேட்பார்கள். படகின் கதை வேறு. மரமும் ஃபைபரும் சூழ்ந்த அறைக்குள் பழுக்கக் காய்ந்த புகைக்குழாய் ஆபத்து என்பதால், இன்ஜினைக் குளிர்வித்த நீரைப் புகைக்குழாய்க்குள்ளேயே விட்டுப் புகையோடு வெளியேற்றுவது வழக்கம். ஓசியில் நுழைய வாசலில் காத்து நிற்பது, இங்கே, உப்புநீர்.

ஒவ்வொரு சுழற்சியிலும் பொடித்தூறலாகக் கொஞ்சம் நீர் பின்னே இழுபட்டு வரும். இதைப் பின்னுறிஞ்சல் எனலாம். ஓடும்போது தெரியாது. நிறுத்திவைத்த இரவில் வேலையைக் காட்டும். சிலிண்டருக்குள் நிறைய நீர் சேர்ந்துவிட்டால் இன்னும் மோசம். நீரை இறுக்க முடியாது, இணைப்புத் தண்டுதான் வளையும். கண்டுபிடிக்கும் வழிகளும் பட்டறையில் சாதாரணமானவை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துரு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். புகைக்குழாயின் மேல்வளைவைக் கழற்றி, நீர் போகவே கூடாத உலர்ந்த பகுதியில் உப்புத் தடம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். காற்றுக்குழாயில் வெற்றிடமானியைப் பொருத்துவதும் உண்டு. சாதுவான கேம் மெல்லோட்டத்தில் 18 அங்குலப் பாதரசத்துக்குப் பக்கத்தில் நிலையாக நிற்கும். முரட்டுக் கேம் 10-க்குக் கீழே இறங்கி முள்ளை ஆடவிடும்.

இதற்கு மருந்து, இரண்டு வால்வுகளின் உச்சத் திறப்புகளுக்கும் இடையிலான கோணத்தை விரிப்பது. பந்தயச் சாலையில் 106, 108 டிகிரி என்று நெருக்கி வைப்பார்கள். நீர் கலந்த புகைக்குழாய் உள்ள படகுக்கு 112 முதல் 114 டிகிரி வரை தள்ளி வைப்பது வழக்கம். இணைதிறப்பு சுருங்கும். உச்சத்தில் கொஞ்சம் திறன் போகும், போகட்டும். புகைக்குழாயை நீர் விடாமல் உலர்வாக வெளியே கொண்டுபோகும் பந்தயப் படகுகளுக்கு இந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடும். டீசலில் த்ராட்டில் இல்லை, எனவே அந்த வெற்றிடமும் இல்லை. தூத்துக்குடி விசைப்படகை இந்த நோய் அவ்வளவாகத் தீண்டாததற்கு அதுவும் ஒரு காரணம்.

கார்பரேட்டருக்கு வருவோம். எரிகலப்பி என்று சொல்லலாம், கலக்கும் வேலை அதனுடையது. குறுகலான தொண்டை வழியே காற்று போகும்போது வேகம் கூடும், அழுத்தம் குறையும். இத்தாலியர் வெஞ்சுரி 1797-இல் குறுகிய குழாய்களில் நீரோட்டத்தை ஆராய்ந்து எழுதியதால் அந்தத் தொண்டைக்கு அவர் பெயர். குறைந்த அழுத்தம், பக்கத்துக் கிண்ணத்திலிருந்து பெட்ரோலைத் துளை வழியே இழுத்துத் தூவும். ஆக, காற்றின் வேகம்தான் இங்கே அளவுகோலும் பம்பும். தொண்டையைப் பெரிதாக்கினால் காற்று தாராளமாக வரும், வேகம் குறையும், இழுப்பும் குறையும், பெட்ரோல் தூறலாக வராமல் சொட்டுச் சொட்டாக வரும். ‘அண்ணாச்சி, பெரிய கார்பரேட்டர் மாட்டினா பிச்சுக்கிட்டுப் போகும்லா?’ என்று கேட்கும் தம்பிக்குச் சொல்ல வேண்டிய பதில் இதற்குள் இருக்கிறது.

கணக்கும் பயமுறுத்துவதல்ல. 5.7 லிட்டர் நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் ஒரு சுற்றுக்குத் தன் கொள்ளளவில் பாதியை உறிஞ்சும். 5,000 சுற்றில் நிமிடத்துக்கு அதிகபட்சம் 14,250 லிட்டர் காற்று. நடைமுறையில் அதில் 85 விழுக்காடு வந்தாலே நல்ல இன்ஜின். கடையில் ‘600’ என்று விற்கும் கார்பரேட்டர் நிமிடத்துக்கு 600 கன அடி, அதாவது 17,000 லிட்டர் விடும். தாராளம். ‘850’ வாங்குவது வீம்பு.

அளவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, படகுக் கார்பரேட்டர் சாலைக் கார்பரேட்டரிலிருந்து மாறுபடும் சில சிறு விவரங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காரில் கசிந்தால் தரையில் பரவிப் போய்விடும்; படகின் அடிப்பள்ளத்திலோ தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். ஆகவே படகுக் கார்பரேட்டரில் கிண்ணத்தின் மூச்சுக்குழாய் வெளியே பார்க்காமல் தொண்டைக்குள் வளைந்திருக்கும். மிதவை சிக்கிப் பெட்ரோல் வழிந்தால் அது இன்ஜினுக்குள்தான் விழும். மேலே காற்று வடிகட்டிக்குப் பதிலாக உலோக மடிப்புகளாலான சுடர்த்தடுப்பி உட்கார்ந்திருக்கும். இன்ஜின் பின்னோக்கித் தும்மினால் சுடர் அந்த மடிப்புகளில் சூட்டை இழந்து அணைந்துவிடும். இந்தப் பயம் இன்ஜின் படகின் அளவுக்கே பழையது. 1886-இல் டைம்லரும் மைபாக்கும் ‘நெக்கார்’ என்ற படகில் பெட்ரோல் இன்ஜினை வைத்து ஓட்டியபோது, ஊரார் அஞ்சக்கூடாதென்று மின்கம்பிகளையும் பீங்கான் காப்பான்களையும் சுற்றிக் கட்டி மின்சாரப் படகுபோலக் காட்டினார்கள் என்று சொல்வார்கள்.

கலவையின் செறிவும் படகில் வேறு. சமவெளியில் சீராகப் போகும் கார் தன் திறனில் சிறு பங்கையே செலவிடும். படகோ புறப்பட்டதிலிருந்து சேரும்வரை சுமையை இறக்கிவைப்பதில்லை. பெட்ரோல் சிக்கனத்துக்காகச் சிறிய ஜெட்டை, அதாவது பெட்ரோல் வரும் துளையை, போட்டுக் கலவையை ஒல்லியாக்கினால், மணிக்கணக்கில் நீளும் சூட்டில் பிஸ்டன் உச்சி உருகத் தொடங்கும். கடலில் பாதி வழியில் அதைத் தெரிந்துகொள்வதில் எந்தச் சிக்கனமும் இல்லை.

திரேஸ்புரத்து மோட்டார்களில் கார்பரேட்டருக்கு இன்னொரு சோதனை உண்டு: மண்ணெண்ணெய். மானிய விலையில் கிடைப்பதால் அதில் ஓடும் மோட்டார்கள் ஏராளம். மண்ணெண்ணெய் குளிர்ந்த இன்ஜினில் ஆவியாகாது. ஆகவே பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார்கள். கரை நெருங்கும்போது மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி நிறுத்தினால்தான் கிண்ணத்தில் பெட்ரோல் தங்கி, மறுநாள் முதல் இழுப்பில் பிடிக்கும். அதிக இறுக்கத்தில் மண்ணெண்ணெய் நேரங்கெட்டு வெடிக்கும் என்பதால் இத்தகைய மோட்டார்களில் இறுக்க விகிதத்தைக் குறைத்தே செய்கிறார்கள். குதிரைத்திறன் குறைவது அதனால்தான். கார்பரேட்டரைப் பெரிதாக்கி அதை மீட்க முடியாது. சுவரில் வெட்டிய சாளரம்தான் அங்கே கேம் என்று முதலில் பார்த்தோம். அதை அரம் வைத்து உயர்த்தினால் திறன் உச்சச் சுழற்சிக்குத் தள்ளிப்போகும், எரியாத எரிபொருள் புகையோடு வெளியேறுவது கூடும், அறுத்த உலோகம் திரும்ப வராது.

இப்போது வரும் நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளில் கேம் உண்டு, ஆனால் அதைத் தொழிற்சாலையே முடிவு செய்துவிட்டது. பலவற்றில் கார்பரேட்டரின் இடத்தையும் மின்னணுத் தூவிகள் பிடித்துக்கொண்டன. உரிமையாளர் கைக்கு மிஞ்சியிருப்பது புரொப்பல்லர் மட்டுமே. அதன் புரிநீளம், அதாவது ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம், ஓர் அங்குலம் மாறினால் இன்ஜின் சுழற்சி ஏறத்தாழ 150 முதல் 200 வரை மாறும். வழக்கமான வலை, ஐஸ், ஆள் எல்லாம் ஏற்றி, முழு வேகத்தில் விட்டு, சுழற்சிமானியைப் பாருங்கள். தயாரிப்பாளர் சொன்ன வரம்புக்குக் கீழே நின்றால் புரிநீளம் குறைந்த புரொப்பல்லர் வேண்டும். வரம்பைத் தாண்டிப் பறந்தால் கூடியது. வெறும் வள்ளத்தில் இந்தச் சோதனையைச் செய்தால் கிடைக்கும் எண் பயன்படாது.